கருப்புத் திரை: லினக்ஸ் எந்த இடத்தில் நின்றது என்று கண்டுபிடிப்பது எப்படி?

"அப்டேட் போட்டேன், ஸ்கிரீன் பிளாக் ஆயிடுச்சு. மறுபடி இன்ஸ்டால் பண்ணணுமா?" லினக்ஸுக்குப் புதிதாக வந்தவர்கள் அதிகம் கேட்கும் கேள்விகளில் இது ஒன்று. பதில்களும் தயாராக இருக்கும். ஒருவர் "நோமோட்செட் போடுங்க" என்பார். இன்னொருவர் "என்விடியா கார்டுதான் பிரச்சினை, தூக்கிடுங்க" என்பார். மூன்றாமவர் "ஃபார்மட் அடிங்க, அரை மணி நேர வேலை" என்று முடித்துவிடுவார். மூன்று பேருமே முதலில் கேட்க வேண்டியதைக் கேட்பதில்லை: திரை எந்தக் கட்டத்தில் கருப்பானது?

கருப்புத் திரை என்பது ஒரே கோளாறு என்று நினைப்பதால்தான் இவ்வளவு குழப்பம். ஏழெட்டு வேறு வேறு கோளாறுகள் வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கின்றன, அவ்வளவுதான். அவற்றில் பெரும்பாலானவற்றில் உங்கள் ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கம்ப்யூட்டர் உள்ளே வேலை செய்துகொண்டேகூட இருக்கும். அது தெரியாமல் பல வருடப் படங்களையும் கணக்குகளையும் ஃபார்மட்டில் அழித்துவிடுகிறார்கள். அதைத் தடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

## குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால்

வீட்டில் குழாயைத் திறக்கிறோம், தண்ணீர் வரவில்லை. உடனே யாரும் சுவரை உடைத்துப் புதுக் குழாய் பதிப்பதில்லை. முதலில் பாத்ரூம் குழாயைத் திறந்து பார்ப்போம். அங்கே வந்தால் மோட்டாரும் தொட்டியும் நன்றாக இருக்கின்றன, சமையலறைக்கு வரும் கிளையில்தான் அடைப்பு. அங்கேயும் வரவில்லை என்றால் மாடிக்குப் போய்த் தொட்டியைப் பார்ப்போம். தொட்டி காலி என்றால் மோட்டார், மோட்டார் ஓடவில்லை என்றால் கரண்ட்.

திரையும் அப்படி ஒரு குழாய் முனைதான். அதில் படம் வருவதற்கு முன்னால் நீளமான ஒரு பாதை இருக்கிறது. பாதையில் எந்த இடத்தில் அடைத்தாலும் முனையில் தெரிவது ஒரே கருப்புதான். எதுவரை ஒழுங்காக வந்தது என்பதைக் கண்டுபிடித்துவிட்டால், அடைப்பு அதற்கு அடுத்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

## பவர் பட்டனிலிருந்து டெஸ்க்டாப் வரை

பட்டனை அழுத்தியதும் முதலில் விழித்துக்கொள்வது லினக்ஸ் இல்லை, பயாஸ். மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் சிறிய நிரல் அது. இப்போதைய கம்ப்யூட்டர்களில் இருப்பது யுஇஎஃப்ஐ என்ற புதிய வகை. பேச்சில் எல்லோரும் பயாஸ் என்றே சொல்வதால் நானும் அப்படியே சொல்கிறேன். ரேம், கீபோர்டு, வட்டு எல்லாம் இருக்கின்றனவா என்று பயாஸ் சோதித்துப் பார்க்கும். கம்பெனி லோகோ தெரிவது இந்த நேரத்தில்தான்.

அடுத்து பயாஸ் வட்டிலிருக்கும் கிரப்பை எழுப்பும். எந்த இயங்குதளத்தை, எந்தப் பதிப்பில் தொடங்குவது என்று தேர்ந்தெடுக்க உதவும் சிறிய நிரல்தான் கிரப். விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்து இருக்கும் கம்ப்யூட்டரில் பட்டியல் காட்டிக் காத்திருக்குமே, அதுதான்.

கிரப், கெர்னலை நினைவகத்தில் ஏற்றும். கெர்னல்தான் லினக்ஸின் உயிர்நாடி. வன்பொருள் எதையும் மற்ற நிரல்கள் நேரடியாகத் தொடுவதில்லை, கெர்னல் வழியாகத்தான் தொடும். ஒவ்வொரு வன்பொருளோடும் பேசுவதற்குக் கெர்னலுக்கு ஒரு டிரைவர் தேவை. குறிப்பிட்ட ஒரு வன்பொருளை எப்படி இயக்குவது என்று தெரிந்த நிரல் பகுதிக்குத்தான் டிரைவர் என்று பெயர். கிராஃபிக்ஸ் கார்டுக்கான டிரைவர் இந்தக் கட்டத்தில்தான் ஏறும்.

கெர்னல் நிலைப்பட்டதும் பின்னணிச் சேவைகள் ஒவ்வொன்றாகத் தொடங்கும். அவற்றில் ஒன்று லாகின் திரையைக் கொண்டுவரும் டிஸ்ப்ளே மேனேஜர். உபுண்டுவில் அதன் பெயர் ஜிடிஎம், லினக்ஸ் மின்ட்டில் லைட்டிடிஎம், கேடிஇ என்ற டெஸ்க்டாப்பைப் பயன்படுத்தும் பல வினியோகங்களில் (உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் வகைகளுக்குத்தான் வினியோகம் என்று பெயர்) எஸ்டிடிஎம். திரையில் எந்த விண்டோ எங்கே தெரிய வேண்டும், எது மேலே, எது கீழே என்று வரைந்து காட்டும் பொறுப்பு டிஸ்ப்ளே சர்வருடையது. அதில் பழையது எக்ஸார்க், புதியது வேலண்ட். பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே போன பிறகு வருவது உங்கள் டெஸ்க்டாப்: பேனல், ஐகான், வால்பேப்பர் எல்லாம்.

ஆக பயாஸ், கிரப், கெர்னலும் கிராஃபிக்ஸ் டிரைவரும், லாகின், டெஸ்க்டாப் என்று ஐந்து கட்டங்கள். இந்த வரிசை மனதில் நின்றுவிட்டால் மீதி எல்லாம் எளிது.

## லோகோகூட வரவில்லையா?

பயாஸ் லோகோவே தெரியவில்லை என்றால் லினக்ஸைக் குறை சொல்ல இடமே இல்லை. லினக்ஸ் இன்னும் தொடங்கவே இல்லை. மானிட்டர், கேபிள், ரேம், கார்டு, இவற்றில்தான் தேட வேண்டும்.

மானிட்டரில் "நோ சிக்னல்" என்று எழுத்து வருகிறதா என்று பாருங்கள். வந்தால் மானிட்டர் நன்றாக இருக்கிறது, அதற்குப் படம் வந்து சேரவில்லை. இன்புட் ஹெச்டிஎம்ஐயில் இருக்கிறதா, டிஸ்ப்ளேபோர்ட்டில் இருக்கிறதா என்று மானிட்டரின் பட்டனில் மாற்றிப் பாருங்கள். டெஸ்க்டாப் கம்ப்யூட்டரில் தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் கேபிள் எங்கே சொருகியிருக்கிறது என்பது முக்கியம். பின்பக்கம் யுஎஸ்பி, லேன் துளைகளோடு சேர்ந்திருக்கும் ஹெச்டிஎம்ஐ மதர்போர்டுடையது. கீழே தனியாகப் படுக்கைவாட்டில் இருப்பது கார்டுடையது. கார்டு போட்டிருந்தால் பல மதர்போர்டுகள் தன்னுடைய துளையை அணைத்துவிடும். கம்ப்யூட்டரைத் துடைத்துவிட்டுத் திரும்ப மாட்டும்போது கேபிள் இடம் மாறிப்போவது சர்வசாதாரணம்.

அடுத்தது ரேம். பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, ரேமைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து, 'டிக்' சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டுங்கள். ரிப்பேர் கடையில் முதலில் செய்வதும் இதைத்தான்.

லேப்டாப்பாக இருந்தால் அறையை இருட்டாக்கி, டார்ச் வெளிச்சத்தைத் திரையில் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது, திரைக்குப் பின்னால் இருக்கும் பேக்லைட் மட்டும் எரியவில்லை. வெளிச்ச அளவு பூஜ்யத்துக்குப் போயிருக்கலாம், கீபோர்டின் பிரைட்னஸ் பட்டனை அழுத்திப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் பேக்லைட்டோ அதன் கேபிளோ பழுதாகியிருக்கலாம்.

## லோகோ வந்தது, அப்புறம் கருப்பு

பெரும்பாலானோர் சிக்குவது இங்கேதான். அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கம்ப்யூட்டர் விழித்த நேரத்தில் திரையில் படம் போட்டது பயாஸ். அது போடுவது மிக எளிமையான படம். இவ்வளவு அகலம், இவ்வளவு உயரம், இந்தப் புள்ளிக்கு இந்த நிறம், அதற்கு மேல் கிடையாது. வீடியோவை வழுவழுப்பாக ஓட்டவோ இரண்டு மானிட்டரைச் சமாளிக்கவோ அது போதாது. அதனால் கெர்னல் ஏறியதும் கிராஃபிக்ஸ் டிரைவர் திரையைத் தன் கைக்கு எடுத்துக்கொள்ளும். மானிட்டரிடம் "உனக்கு எந்த அளவுகள் ஒத்துவரும்?" என்று கேட்டு, பொருத்தமான அளவைத் தேர்ந்தெடுத்து, கார்டை அதற்கேற்ப அமைக்கும். இந்த வேலைக்குக் கெர்னல் மோட் செட்டிங் என்று பெயர். முன்பு இதை எக்ஸார்க் செய்துவந்தது. 2009இல் வெளியான 2.6.29 கெர்னலில், முதலில் இன்டெல் கார்டுகளுக்கு, இந்தப் பொறுப்பு கெர்னலுக்குள் வந்தது.

நல்ல கம்ப்யூட்டரில்கூட லோகோவுக்கும் லாகினுக்கும் நடுவே ஒரு நொடி திரை கருப்பாகி மீண்டும் வருவதைக் கவனித்திருப்பீர்கள். பயாஸ் கையிலிருந்து டிரைவர் கைக்குத் திரை மாறுகிற நொடிகளில் ஒன்று அது. டிரைவர் இல்லாவிட்டாலோ, தவறான டிரைவர் ஏறினாலோ, ஏறிய டிரைவர் கார்டோடு ஒத்துப்போகாவிட்டாலோ அந்தக் கருப்பு அப்படியே தங்கிவிடும்.

இப்போது நோமோட்செட் என்ன செய்கிறது என்று புரிந்திருக்கும். இந்தக் கைமாற்றத்தைச் செய்யாதே, பயாஸ் கொடுத்த எளிய படத்தையே வைத்துக்கொண்டு ஓடு என்று கெர்னலிடம் சொல்கிற ஒரு சொல் அது. அதைப் போட்டதும் திரை வந்துவிட்டால் ஒரு விஷயம் உறுதி: வட்டு, கெர்னல், டெஸ்க்டாப் எல்லாம் சரி, கோளாறு கிராஃபிக்ஸ் டிரைவரில். நோமோட்செட்டின் பயன் அதோடு முடிகிறது. அது மருந்து இல்லை, பரிசோதனை. இதைச் சொல்லாமல் "அதை நிரந்தரமாகப் போட்டுவிடுங்கள்" என்று ஆலோசனை தருபவர்கள்மீது எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. அப்படிப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் மந்தமான திரையோடும், வேலை செய்யாத இரண்டாவது மானிட்டரோடும் மல்லுக்கட்டிவிட்டு, "லினக்ஸ் ஸ்லோ" என்று விட்டுப் போனவர்கள் நிறைய.

## பழைய கெர்னலை முதலில் தொடுங்கள்

நோமோட்செட்டுக்கு முன்னாலேயே செய்து பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. உபுண்டு, மின்ட், டெபியன், ஃபெடோரா எல்லாமே புதுக் கெர்னலைப் போடும்போது பழையதை உடனே அழிப்பதில்லை. ஃபெடோரா வழக்கமாக 3 கெர்னல்களை வைத்திருக்கும். நேற்று நன்றாக ஓடிய கெர்னல் இன்றைக்கும் வட்டில் பத்திரமாக இருக்கிறது.

அதை எடுக்க கிரப் பட்டியல் வேண்டும். லினக்ஸ் மட்டும் இருக்கும் கம்ப்யூட்டரில் உபுண்டு அந்தப் பட்டியலை மறைத்துவைக்கும். லோகோ மறைகிற நேரத்தில் எஸ்கேப் பட்டனை ஒருமுறை தட்டுங்கள். பழைய பயாஸ் கம்ப்யூட்டரில் ஷிஃப்ட்டை அழுத்திப் பிடிக்க வேண்டும். எஸ்கேப்பைப் பதற்றத்தில் படபடவென்று தட்டினால் பட்டியலைத் தாண்டி, கிரப்பின் கட்டளை வரிக்குப் போய் நிற்கும். அப்படி ஆனால் பயப்பட வேண்டாம், கம்ப்யூட்டரை மறுபடி தொடங்கி ஒரே ஒரு தட்டு தட்டுங்கள்.

பட்டியலில் "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்" என்று தொடங்கும் வரியில் என்டர் தட்டினால், கம்ப்யூட்டரில் இருக்கும் கெர்னல்கள் பதிப்பு எண்ணோடு வரிசையாகத் தெரியும். மேலே இருப்பது புதியது. ஒவ்வொன்றுக்கும் கீழே "ரெக்கவரி மோட்" என்று இன்னொரு வரி இருக்கும், அதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். இரண்டாவது பதிப்பு எண்ணைத் தேர்ந்தெடுத்து என்டர் தட்டுங்கள். டெஸ்க்டாப் வந்துவிட்டால் இன்றைய வேலை நடக்கும், கோளாறு புதுக் கெர்னலோடு சேர்ந்து வந்தது என்பதும் தெரிந்துவிட்டது.

பழையதிலும் வரவில்லை என்றால் நோமோட்செட் சோதனைக்குப் போகலாம். கிரப் பட்டியலில் முதல் வரியில் நின்றுகொண்டு ஆங்கில இ (e) எழுத்தைத் தட்டுங்கள். பத்துப் பதினைந்து வரிகள் கொண்ட எடிட் திரை திறக்கும். அதில் லினக்ஸ் என்ற சொல்லில் தொடங்கும் நீளமான ஒரு வரி இருக்கிறது. அகலம் போதாமல் அது அடுத்த வரிக்கு மடிந்திருக்கும், அதனால் முடிவைத் தேட வேண்டியிருக்கும். முடிவில் "கொயட் ஸ்பிளாஷ்" என்று இருக்கும். தொடங்கும்போது வரும் செய்திகளை மறைத்து அழகான படத்தைக் காட்டு என்று அதற்கு அர்த்தம். அந்த இரண்டு சொற்களையும் அழித்துவிட்டு, அங்கே நோமோட்செட் (nomodeset) என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் ஒரே சொல்லாக டைப் செய்து, எஃப்10 தட்டுங்கள். இந்த மாற்றம் இந்த ஒரு தடவைக்கு மட்டும்தான், வட்டில் எதுவும் எழுதப்படுவதில்லை. அதனால் தைரியமாகச் செய்யலாம்.

கொயட் ஸ்பிளாஷை அழித்ததில் இன்னொரு லாபமும் உண்டு. திரை நிற்பதற்கு முன் கடைசியாக வந்த செய்திகள் தெரியும். ஃபோனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு உதவி கேட்கும்போது அந்த ஒரு படம் பத்துக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிடும்.

சுருக்கமாக: பழைய கெர்னலில் வருகிறது என்றால் புதுக் கெர்னலோடு ஏதோ ஒத்துப்போகவில்லை. நோமோட்செட்டில் மட்டும் வருகிறது என்றால் கிராஃபிக்ஸ் டிரைவர். இரண்டிலும் வரவில்லை என்றால் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும்.

## என்விடியா ஏன் அடிக்கடி மாட்டிக்கொள்கிறது?

இன்டெல், ஏஎம்டி கார்டுகளின் டிரைவர்கள் கெர்னலுக்குள்ளேயே இருக்கின்றன. கெர்னல் புதிதானால் அவையும் சேர்ந்து புதிதாகும். அவற்றில் சிக்கல் வருவது பெரும்பாலும் வேறு காரணத்தால்: புத்தம் புதுக் கார்டை வாங்கி, அது சந்தைக்கு வருவதற்கு முன்னாலேயே வெளியான பழைய கெர்னலில் ஓட்டினால் கெர்னலுக்கு அந்தக் கார்டை அடையாளம் தெரியாது. அப்போது கெர்னலைப் புதுப்பிப்பதுதான் வழி.

என்விடியாவின் சொந்த டிரைவர் அப்படி இல்லை. அது கெர்னலுக்கு வெளியே தனியாக வருகிறது. ஆனால் ஓட வேண்டியது கெர்னலுக்கு உள்ளே. ஒரு கெர்னல் பதிப்புக்காகத் தயாரித்த டிரைவரை அடுத்த பதிப்பு ஏற்றுக்கொள்ளாது. அதனால் ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டுக்கும் அந்த டிரைவரை மறுபடி அதற்கேற்பத் தயாரிக்க வேண்டும். இதைத் தானாகச் செய்ய டிகேஎம்எஸ் என்று ஒரு கருவி இருக்கிறது. சில வினியோகங்கள் முன்கூட்டியே தயாரித்த டிரைவர்களையும் கெர்னலோடு சேர்த்து அனுப்புகின்றன.

தயாரிப்பு எங்கேயாவது தடைபட்டால் புதுக் கெர்னலுக்கு என்விடியா டிரைவர் இருக்காது. சரி, கெர்னலோடு வரும் நூவோ என்ற பொதுவான டிரைவராவது கைகொடுக்குமா? என்விடியா டிரைவரை நிறுவும்போதே, இரண்டும் மோதிக்கொள்ளக் கூடாது என்பதற்காக நூவோவைத் தடைப்பட்டியலில் போட்டுவிடுவார்கள். ஆக அதுவும் இல்லை, இதுவும் இல்லை. மிஞ்சுவது கருப்புத் திரை, அல்லது பெரிய பெரிய எழுத்துகளோடு மந்தமான ஒரு திரை.

இன்னொரு பொறி செக்யூர் பூட். கையெழுத்திடாத எதையும் கெர்னலுக்குள் விடாதே என்று தடுக்கும் பாதுகாப்பு ஏற்பாடு அது. உபுண்டுவில் என்விடியா டிரைவரை நிறுவும்போது, செக்யூர் பூட் இருந்தால், ஒரு பாஸ்வேர்டை உருவாக்கச் சொல்வதுண்டு. அடுத்த முறை கம்ப்யூட்டரைத் தொடங்கும்போது நீல நிறத்தில் ஒரு திரை வரும், சில நொடிகள் காத்திருந்து போய்விடும். அங்கே ஏதாவது ஒரு பட்டனைத் தட்டி, "என்ரோல் எம்ஓகே" என்பதைத் தேர்ந்தெடுத்து அதே பாஸ்வேர்டைக் கொடுத்தால்தான் டிரைவரின் கையெழுத்து ஏற்கப்படும். இந்த நீலத் திரையைப் பார்த்து ஏதோ பிழை என்று நினைத்து "கன்டினியூ பூட்" கொடுத்தவர்கள் எத்தனையோ பேர். டிரைவர் நிறுவப்பட்டிருக்கும், ஆனால் கெர்னல் அதை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும்.

பழைய கெர்னலில் உள்ளே போய், டெர்மினலில், அதாவது கட்டளைகளை டைப் செய்யும் விண்டோவில், டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் (dkms status) என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் கொடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு கெர்னல் பதிப்புக்கும் நேரே "இன்ஸ்டால்டு" என்று வர வேண்டும். புதுப் பதிப்பு அந்தப் பட்டியலில் இல்லை என்றால் டிரைவர் அதற்குத் தயாராகவில்லை. டிரைவரைத் தயாரிக்கத் தேவையான, அந்தக் கெர்னலுக்கான ஹெட்டர் தொகுப்பு இல்லாததுதான் பல நேரங்களில் காரணம்; அதை நிறுவியதும் டிகேஎம்எஸ் தன் வேலையை முடித்துவிடும். பட்டியலே காலியாக இருந்தால் உங்களிடம் இருப்பது முன்கூட்டியே தயாரித்த வகை. உபுண்டுவில் "அடிஷனல் டிரைவர்ஸ்" பகுதிக்குப் போய்ப் பரிந்துரைக்கப்பட்ட டிரைவரை மறுபடி தேர்ந்தெடுங்கள்.

ஒரு வேண்டுகோள். என்விடியா தளத்திலிருந்து நேரடியாக டிரைவர் ஃபைலை இறக்கி நிறுவாதீர்கள். உங்கள் வினியோகத்தின் தொகுப்பாக வருவதையே பயன்படுத்துங்கள். நேரடியாக நிறுவியது அடுத்த கெர்னல் அப்டேட்டில் யாருக்கும் சொல்லாமல் நின்றுவிடலாம், அதைச் சுத்தமாக நீக்குவதும் சிரமம்.

## பக்கத்துக் குழாயைத் திறந்து பாருங்கள்

கெர்னல் உயிரோடு இருக்கிறதா என்று அறிய எளிய வழி, கேப்ஸ் லாக் பட்டன். அதைத் தட்டும்போது விளக்கு எரிந்து அணைந்தால் கெர்னல் நீங்கள் தட்டுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. விளக்கு அசையவே இல்லை என்றால் உறைந்துபோயிருக்க வாய்ப்பு அதிகம்.

கேட்கிறது என்றால் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். சில லேப்டாப்களில் எஃப்என் பட்டனையும் சேர்க்க வேண்டும். கருப்புப் பின்னணியில் கம்ப்யூட்டரின் பெயரும் லாகின் என்ற சொல்லும் வெள்ளை எழுத்தில் வரும். இதுதான் கன்சோல். டெஸ்க்டாப், ஐகான், மவுஸ் எதுவும் இல்லாமல் எழுத்து மட்டும் கொண்டு கம்ப்யூட்டரோடு பேசும் இடம். பயனர் பெயரைக் கொடுங்கள், பிறகு பாஸ்வேர்டு. பாஸ்வேர்டை டைப் செய்யும்போது திரையில் ஒன்றுமே தெரியாது, நட்சத்திரக் குறிகூட வராது. கீபோர்டு வேலை செய்யவில்லை என்று பலர் இந்த இடத்தில் விட்டுவிடுகிறார்கள். முழுவதையும் டைப் செய்து என்டர் தட்டினால் போதும்.

கன்சோல் வந்துவிட்டதா? அப்படியானால் கெர்னலும் வட்டும் திரையும் நலம், லாகினிலோ டெஸ்க்டாப்பிலோதான் அடைப்பு. நான் இங்கே முதலில் பார்ப்பது வட்டில் இடம் இருக்கிறதா என்பதை. டிஸ்க் ஃப்ரீ என்பதன் முதல் எழுத்துகளான டிஎஃப், இடம் விட்டு ஹைஃபன், ஹெச் என்று கொடுங்கள். வரும் அட்டவணையில் வெறும் சாய்கோடு மட்டும் இருக்கும் வரியில் 100% என்று இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. டெஸ்க்டாப் தொடங்கும்போது சின்னச் சின்னத் தற்காலிக ஃபைல்களை எழுதும். எழுத இடமில்லை என்றால் தொடங்க முடியாமல் கருப்பாக நிற்கும், அல்லது பாஸ்வேர்டு கொடுத்ததும் மறுபடி லாகின் திரைக்கே திருப்பி அனுப்பும். உபுண்டுவில் சூடோ ஏபிடி கிளீன் (sudo apt clean) என்ற கட்டளை, இறக்கி வைத்த பழைய தொகுப்புகளை அழித்துக் கொஞ்சம் இடம் தரும். டவுன்லோட்ஸ் கோப்புறையில் கிடக்கும் பெரிய வீடியோக்களையும் பாருங்கள்.

இடம் இருக்கிறது என்றால் லாகின் திரையை மட்டும் மறுபடி எழுப்பிப் பார்க்கலாம். அதற்கான கட்டளை, சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் டிஸ்ப்ளே-மேனேஜர் (sudo systemctl restart display-manager). சூடோ என்பது நிர்வாகி அதிகாரத்தோடு செய் என்று அர்த்தம் தரும் முன்சொல். எந்த டிஸ்ப்ளே மேனேஜர் இருந்தாலும் பெரும்பாலான வினியோகங்களில் இந்தக் கட்டளை ஒன்றே போதும்.

அதற்கும் அசையவில்லை என்றால் கம்ப்யூட்டர் எழுதிவைத்திருக்கும் குறிப்பைப் படிக்க வேண்டியதுதான். தொடங்கியது முதல் நடந்தது அத்தனையையும் லினக்ஸ் நேரம் போட்டுப் பதிந்துவைக்கிறது. ஜர்னல்சிடிஎல் (journalctl) என்று கொடுத்து, இடம் விட்டு, ஹைஃபனோடு பூட் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தைச் சேருங்கள். இந்த முறை தொடங்கியதிலிருந்து வந்த செய்திகள் மட்டும் தெரியும். அதன் பின்னால் இடம் விட்டு ஹைஃபன் 1 சேர்த்தால் முந்தைய முறையின் செய்திகள். எண்ட் பட்டன் கடைசிக்குக் கொண்டுபோகும், க்யூ எழுத்து வெளியே வரும். சிவப்பில் தெரியும் வரிகள் எல்லாமே காரணம் என்று நினைக்காதீர்கள். நன்றாக ஓடும் கம்ப்யூட்டரிலும் சிவப்பு வரிகள் இருக்கும். என்விடியா, ஏஎம்டிஜிபியு, ஐ915, ஜிடிஎம் போன்ற பெயர்களோடு வரும் வரிகளைக் கவனியுங்கள். ஐ915 என்பது இன்டெல் கிராஃபிக்ஸின் டிரைவர்.

## பாஸ்வேர்டு கொடுத்த பிறகு கருப்பு

லாகின் திரை அழகாக வருகிறது, பாஸ்வேர்டு கொடுத்ததும் கருப்பாகி மவுஸ் அம்பு மட்டும் நகர்கிறது. இதைக் கண்டால் நான் நிம்மதி அடைவேன். அம்பு நகர்கிறது என்றால் டிரைவரும் டிஸ்ப்ளே சர்வரும் ஓடுகின்றன. பேனல், ஐகான்களை வரையும் கடைசி நிரல் மட்டும்தான் விழுந்திருக்கிறது.

லாகின் திரையில் சிறிய பல்சக்கர ஐகான் தெரிந்தால், அதில் வேலண்டுக்குப் பதில் எக்ஸார்க்கையோ, எக்ஸார்க்குக்குப் பதில் வேலண்டையோ தேர்ந்தெடுத்துப் பாருங்கள். சமீபத்திய பதிப்புகள் சிலவற்றில் இந்தத் தேர்வு இருக்காது, உபுண்டு 25.10இல் வழக்கமான டெஸ்க்டாப்புக்கு வேலண்ட் மட்டும்தான்.

அதைவிடத் தெளிவாகக் காட்டிக்கொடுப்பது புதுப் பயனர் சோதனை. கன்சோலில் போய் சூடோ ஆட்யூசர் (sudo adduser), இடம் விட்டு ஒரு புதுப்பெயர் கொடுங்கள், கேட்கும் பாஸ்வேர்டையும் கொடுங்கள். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்1 (மின்ட்டில் எஃப்7) அழுத்தி லாகின் திரைக்குத் திரும்பி, புதுப் பெயரில் நுழையுங்கள். டெஸ்க்டாப் வந்துவிட்டால் லினக்ஸில் கோளாறே இல்லை, உங்கள் சொந்த அமைப்பு ஃபைல்களில்தான் ஏதோ கெட்டிருக்கிறது. உபுண்டுவின் டெஸ்க்டாப்பான ஜினோமில் போட்ட எக்ஸ்டென்ஷன் ஒன்று புதுப் பதிப்போடு ஒத்துப்போகாமல் இருக்கலாம். உங்கள் ஹோம் கோப்புறையில் புள்ளியில் தொடங்கும் கான்ஃபிக் (.config) என்ற கோப்புறையில்தான் பெரும்பாலான அமைப்புகள் இருக்கின்றன. அதை அழிக்காதீர்கள், வேறு பெயர் மட்டும் வையுங்கள். அடுத்த முறை நுழையும்போது புதிதாக ஒன்று உருவாகும். பிரவுசர், மெயில் போன்றவற்றின் அமைப்புகளும் அதற்குள் இருக்கலாம் என்பதால், பழையதிலிருந்து அவற்றைத் திரும்ப எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

தூங்கவைத்த கம்ப்யூட்டர் எழும்போது மட்டும் கருப்பாக இருக்கிறதா? அது பெரும்பாலும் மறுபடி டிரைவர் விஷயம்தான். கன்சோலுக்குப் போய்த் திரும்பி வந்தால் பல நேரங்களில் படம் வந்துவிடும். பழைய கெர்னல், புது டிரைவர் என்று மேலே சொன்ன அதே வழிகள் இதற்கும் பொருந்தும்.

## பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பதற்கு முன்

உறைந்துவிட்ட கம்ப்யூட்டரைப் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பது கடைசி வழியாக இருக்கட்டும். எழுதிக்கொண்டிருக்கும் ஃபைல் பாதியில் அறுந்துபோகலாம். ஆல்ட்டையும் பிரின்ட் ஸ்கிரீன் பட்டனையும் பிடித்துக்கொண்டு, எஸ், யூ, பி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை இரண்டு நொடி இடைவெளியில் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். கடைசி எழுத்து பூட் என்பதில் வரும் பி. முதல் எழுத்து நினைவகத்தில் நிற்பதை வட்டில் எழுதிவைக்கச் சொல்கிறது, இரண்டாவது இனி எழுதாதே என்று வட்டைப் பூட்டுகிறது, மூன்றாவது கம்ப்யூட்டரை மறுபடி தொடங்குகிறது. உபுண்டுவில் இந்த மூன்றும் ஏற்கெனவே அனுமதிக்கப்பட்டவை. வேறு சில வினியோகங்களில் அணைத்து வைத்திருப்பார்கள்.

## ஃபார்மட் பற்றி

எதற்கும் அசையாத கம்ப்யூட்டர்களும் உண்டு. அப்போதும் முதல் வேலை ஃபார்மட் இல்லை. வேறொரு கம்ப்யூட்டரில் உபுண்டு அல்லது மின்ட்டின் நிறுவல் யுஎஸ்பியைத் தயாரித்து, அதிலிருந்து தொடங்கி, "ட்ரை" என்ற தேர்வைக் கொடுங்கள். வட்டில் எதையும் மாற்றாமல் யுஎஸ்பியிலிருந்தே முழு டெஸ்க்டாப் ஓடும். அதில் திரை நன்றாக வந்தால் கார்டும் மானிட்டரும் பெரும்பாலும் சரி. ஃபைல் மேனேஜரில் உங்கள் வட்டைத் திறந்து, ஹோம் கோப்புறைக்குள் போய், தேவையானதை வெளி வட்டில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். என்க்ரிப்ஷன் போட்டிருந்தால் வட்டைத் திறக்கும்போது அதற்கான பாஸ்வேர்டைக் கேட்கும்.

நகலெடுக்கும்போது குறிப்பிட்ட ஃபைலில் நின்று நின்று போகிறதா, இன்புட் அவுட்புட் பிழை என்று வருகிறதா என்று கவனியுங்கள். வந்தால் டிஸ்க்ஸ் என்ற நிரலைத் திறந்து, வட்டைத் தேர்ந்தெடுத்து, மெனுவில் ஸ்மார்ட் தகவலைப் பாருங்கள். வட்டு தன் உடல்நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கும் பதிவு அது. சில என்விஎம்இ வட்டுகளுக்கு, நிரலின் பதிப்பைப் பொறுத்து, அங்கே தகவல் வராமல் இருக்கலாம். வட்டு பழுதாகிக்கொண்டிருக்கிறது என்று அதில் தெரிந்தால் அந்த வட்டில் மறுபடி லினக்ஸைப் போட வேண்டாம். எடுக்க முடிந்த ஃபைல்களை எடுத்துவிட்டு, புது வட்டில் போடுங்கள்.